சேவற்கொண்டை வழியில் ஒரு கேட்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தென்கோடியில் வெர்லா கிம்பரைப் போல மலையேறிகளைத் திட்டித் தீர்த்தவள் எவளும் இல்லை. திட்டாமல் என்ன செய்வாள்? சேவற்கொண்டை என்கிற செங்குத்துப் பாறைக்குன்றுக்கு இருக்கிற ஒரே மண்பாதை அவளுடைய மேய்ச்சல் நிலத்துக்குள்ளே போகிறது. காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள், மீதிப் பொழுதெல்லாம் மாடு. அந்தக் குன்றில் ஒருநாளும் ஏறியதில்லை. "மேல என்னத்த வெச்சிருக்கு? ஏறினா இறங்கித்தானே ஆகணும்," என்பாள்.

புருஷன் செத்துப்போன பிறகு, பாதையைப் பூட்டச் சொல்லிக் கொழுந்தன் டுவைன் நச்சரித்தான். அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் வருகிறவர்கள் மேற்கு மேய்ச்சலுக்கும் கிழக்கு வயலுக்கும் நடு வேலியிலிருந்த கேட்டைத் திறந்துபோட்டுப் போவார்கள். மாடுகள் கிழக்கு வயலில் புகுந்து தீவனப் பயிரைத் தின்று வயிறு ஊதிக் கிடக்கும். பொறுமை போய், ஒரு தகரத்தில் சிவப்புப் பெயிண்டால் எழுதி மாட்டினாள்: 'கேட்டை மூடு. எப்போதும். உனக்குத்தான் சொல்கிறேன்.' குன்றில் ஏறும் வழியை இணையத்தில் எழுதுகிறவர்கள் அதையும் சேர்த்து எழுதினார்கள். ஒருவழியாக எல்லாரும் மூடத் தொடங்கினார்கள்.

ஜூலையில், மாடுகள் மேய்ந்த மேற்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி வற்றிவிட்டது. கிழக்கில் பயிர் அறுத்தாயிற்று, தொட்டியிலும் தண்ணீர் இருந்தது. மாடுகள் தாமாகவே போய்க் குடிக்கட்டும் என்று கேட்டை விரியத் திறந்துவைத்துவிட்டு, வியாழக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை திரும்பி வந்தபோது கேட் மூடிக் கிடந்தது. வேலியில் முட்டிக்கொண்டு மாடுகள் கதறின. திறந்ததும் பாய்ந்து ஓடின. கன்று போட்டிருந்த ஒரு பசு மட்டும் எழவில்லை.

அந்த நேரம் பார்த்து, குன்றிலிருந்து ஓரின் என்கிற மலையேறியும் அவன் மனைவி மிரியமும் கயிறும் ஹெல்மெட்டுமாக இறங்கி வந்தார்கள்.

"அம்மா, யாரோ பொறுப்பில்லாம கேட்டத் திறந்து போட்டிருந்தாங்க. வெள்ளிக்கிழமை ஏறப் போகும்போது நாங்கதான் மூடினோம்!" என்றான் ஓரின் பெருமையாக.

"ஐயோ, உன்னை யாருய்யா மூடச் சொன்னது? கேட் எப்படி இருக்கோ அப்படியே விடணும்னு இந்த ஊர்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியுமே!"

மிரியம் தகரத்தைக் காட்டினாள். கேட்டைத் திறந்துவைத்த வெர்லாவுக்கு அந்தத் தகரத்தைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஓரின் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பிடித்து, கையிலிருந்த குடிதண்ணீரையெல்லாம் அதில் ஊற்றினான். பசு மூக்கை நனைத்ததோடு சரி. கொஞ்ச நேரத்தில் தலையைச் சாய்த்துவிட்டது.

செய்தி கேட்டு டுவைன் சங்கிலியோடு வந்து சேர்ந்தான். "இப்பவாவது இந்தக் கேட்டைப் பூட்டுங்க அண்ணி."

"பூட்டினா மாடு எந்த வழியாடா தண்ணிக்குப் போகும்? உன் தலை மேலயா? பிடி இந்தப் பக்கம்!"

நால்வருமாகக் கேட்டைக் கீலிலிருந்து தூக்கி வேலியோரம் சாய்த்தார்கள்.

ஓரின் கிளம்பாமல் நின்றான். "எங்களை நல்லாத் திட்டிடுங்கம்மா. மனசு கேக்கல."

"நாள் முழுக்கத் திட்டுவேன்யா," என்றாள் வெர்லா. "நீ தப்புப் பண்ணியிருந்தா."

சொல்லிவிட்டுக் கன்றைப் பிடிக்கப் போனாள்.