அப்பா வரைந்த முப்பது அடிச் சமதளம்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. கருமாதிக்கு வந்த உங்களில் சிலர், "நல்ல மனுஷன், இன்னா, அளவுலதான் கோட்ட உட்டுட்டாரு" என்று பேசிக்கொண்டீர்கள். என் காதில் விழுந்தது. அந்த அளவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இந்த நினைவு மலரை மூடி வைத்துவிடலாம்.

அப்பா கடலூர் முதுநகரில் பிறந்தவர். கிடங்குகளில் லாரி பின்வாங்கி நின்று சரக்கு ஏற்றும் மேடையையும், அதற்கு இறங்கி வரும் சாய்தளத்தையும் வரைந்து கொடுப்பது அவர் தொழில். துறைமுகச் சாலையில் டேப்போடு நின்று, லாரியின் பின்பலகை உயரத்தைக் காலியாக ஒரு முறை, சுமையோடு ஒரு முறை அளப்பார். "இன்னா சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்திச் சுத்திப் பாக்குறீங்க?" என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். "லோடு ஏறுனா லாரி குந்தும்பா. அது தெரியாம மேடை கட்டுனா லோடுமேன் இடுப்பு போயிடும்" என்பார்.

சுனாமிக்கு அடுத்த வருடம் செம்மங்குப்பம் பக்கம் ஒரு கிடங்கு வேலை. காண்ட்ராக்டர் என் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. சரிவு முடிந்து மேடைக்கு முன்னால் லாரி நிற்க முப்பது அடி சமதளம் வேண்டும் என்று அப்பா வரைந்திருந்தார். சரிவு தொடங்கும் மூலையில்தான் பிள்ளையார் கோயில் வர வேண்டும் என்றாராம் வாஸ்து பார்த்தவர். கோயிலுக்கு இடம் விட்டு, சரிவைத் தள்ளித் தொடங்கி, சமதளமே இல்லாமல் நேராக மேடையில் கொண்டுபோய் முட்டவைத்தார் மாமா. நான் பிரசவத்துக்குச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்பா என்னோடு இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மழையில் பின்வாங்கிய லாரி நிற்காமல் வழுக்கி மேடையில் மோதியது. நடுவில் நின்ற லோடுமேனின் கால் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் அந்தக் காலையே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்க அளவு தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. எம் பொண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. அக்கா மொகத்துக்காகப் பாருங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"செரி மச்சான், அழுவாத" என்றார் அப்பா.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அப்பாவை மணமேடைக்குக்கூடக் கூப்பிடவில்லை. கடலூரில் அதன்பின் யாரும் அவருக்கு வேலை தரவில்லை. சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்து, ஒரு ஜெராக்ஸ் கடையில் வீட்டுப் பிளான்களுக்கு நகல் எடுத்தார். மாதம் ஒருமுறை பஸ் ஏறி லோடுமேன் வீட்டுக்குப் போவார். அவர் கதவைச் சாத்திவிடுவார். அப்பா பழத்தை வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உண்மையச் சொல்லித் தொலைங்களேன்பா!" என்று கத்தியிருக்கிறேன்.

"சொன்னா அவருக்குக் கால் மொளைக்குமா?" என்பார். அந்தப் பெருந்தன்மை எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

கடைசி நாட்களில் நாக்கு குழறியது. "முப்பது அடி" என்பது மட்டும் தெளிவாக வந்தது. மாமா அப்போதெல்லாம் எட்டிப் பார்க்கவில்லை. சாவுக்குப் பெரிய மாலையோடு வந்தார்.

அப்பாவைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பா கையெழுத்திட்ட அந்த வரைபடத்தைப் பின் அட்டையில் அச்சிட்டிருக்கிறோம். முதல் பிரதியைப் போன வாரம் லோடுமேனிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். பின் அட்டையைத் திருப்பி, அந்த முப்பது அடியை விரலால் தடவிப் பார்த்தார்.

"அந்த மனுஷனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கலியேம்மா" என்றார்.

மாமா, உங்கள் பிரதியைத் தபாலில் போடவில்லை. நானே கொண்டுவந்து தருகிறேன்.