நீலத்தில் மூழ்கிய திருகோணமலை

குடாவைக் கடந்து மூதூர் போகும் லாஞ்சுப் படகுக்கான வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு பேர் நிற்கிறார்கள். வரிசை நகரவில்லை. ஊரடங்குக்கு முந்திய கடைசி லாஞ்ச் இயந்திரத்தை முடுக்கிவிட்டது.

சோதனைச் சாவடியில் ஒரு வெள்ளைச் சீலை விரிந்து கிடக்கிறது. மூதூருக்கு அப்பால் கிளிவெட்டியில் மாதக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தின் முன்னால் வீதி நாடகம் போடப் போகும் மூன்று மாணவர்கள் வரைந்தது அது. கடல் உயர்ந்தால் எந்தெந்தக் கரை தாழும் என்று காட்டுவதற்காகத் துறைமுகத்தை வளைவு பிசகாமல் வரைந்து, மேலே ‘கண்டல் காட்டை வெட்டாதே, பள்ளிக்கூடத்தைத் திற’ என்று எழுதியிருக்கிறார்கள்.

“துறைமுகம் மெப். ஏலாது,” என்று வரைபடத்தைக் காட்டித் தடைக்கம்பை இறக்குகிறான் சிப்பாய்.

“பிள்ளையள், சீலையை விட்டிட்டு வாங்கோவன். லாஞ்ச் போகப் போகுது,” என்று வரிசையை விட்டு அவர்களிடம் போய்க் கத்துகிறேன் நான்.

“சீலை இல்லாமல் அங்க போய் என்னத்தைக் காட்டுறது ஐயா?” என்கிறாள் தூரிகை வைத்திருக்கும் பெண். “கத்துறதை விட்டிட்டு அந்தப் பெயின்ற் வாளியை இஞ்சால தள்ளுங்கோ.”

தள்ளுகிறேன். குடா, இறங்குதுறை, கடைத்தெரு எல்லாவற்றின் மீதும் அவள் நீலத்தை அப்புகிறாள். எழுத்தும் ஒரு பள்ளிக்கூடக் கூரையும் மட்டும் தண்ணீருக்கு மேலே மிஞ்சுகின்றன.

“இப்ப மெப் இல்லைத்தானே?”

சிப்பாய் குனிந்து பார்த்துவிட்டுத் தடைக்கம்பை உயர்த்துகிறான். மூவரும் ஈரச் சீலையைத் தூக்கிக்கொண்டு அவனைக் கடக்கிறார்கள்.

“ஊர் எங்க?” என்று சீலையின் நீலத்தைக் காட்டிக் கேட்கிறான் அவன்.