சனிக்கிழமைத் தண்ணீர்

எங்கள் அண்ணி ராஜமேரியைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

எண்பதுகளில் மாரண்டஹள்ளிப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. சலைன் பாட்டில் வெளியூரிலிருந்து வருவதற்குள் நோயாளி போய்ச் சேர்ந்துவிடுவார் என்று அங்கேயே தயாரித்தார்கள். தயாரித்தது அண்ணிதான். தண்ணீரை ஆவியாக்கி, குளிரவைத்துச் சொட்டாக இறக்கி, உப்புக் கலந்து, பாட்டிலில் அடைத்து, நீராவியில் வேகவைப்பார். அவர் கழுவிய பாட்டிலில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

அந்தக் கோடையில் பாட்டில் ஏறிய சிலருக்குக் கைகால் உதறி, காய்ச்சல் கொதித்தது. எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால், "அந்தம்மா கைல சுத்தம் பத்தாது" என்று வார்டில் பேச்சு கிளம்பிவிட்டது. அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்து யோசித்து அங்கே டாக்டராக இருந்த கன்னியாஸ்திரீ சிஸ்டரிடம் போனார்.

"திங்கக்கிழமை பாட்டில் போட்டவங்களுக்குத்தாங்க நடுங்குது. ஞாயித்துக்கிழமை வேலை செய்யக் கூடாதுன்னு சனிக்கிழமையே தண்ணிய எறக்கி மூடி வெச்சிடுவேன். ஆனா திங்கக்கிழமை வேகவெச்சுத்தானே குடுக்கறேன்? கிருமி செத்திருக்குமேங்க?"

"செத்துடும் மேரி. அதோட தோல்ல இருக்கிற விஷம் வேகவெச்சாலும் அழியாது. இந்த வெக்கையில வெச்சிருந்த தண்ணியில கிருமி பெருகியிருக்கும். ரத்தத்துல காவல் காக்கிற அணுக்கள் அந்த விஷத்தைத் தொட்டதும், கிருமியே உயிரோட வந்துட்டதா நெனச்சு உடம்பு முழுக்கச் சேதி அனுப்பிடும். அந்தக் கலவரந்தான் நடுக்கமும் காய்ச்சலும்."

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு அண்ணி அடுப்பு மூட்டினார். அன்றைய தண்ணீரை அன்றே அடைத்து அன்றே வேகவைத்தார். ஓய்வு நாளில் வேலையா என்று தெருவே முணுமுணுத்தது. "ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கறேன், நீங்க போங்க" என்றார்.

மறுநாள் காலை வாந்திபேதியில் துவண்டுபோன எங்கள் அண்ணன் ஞானராஜை நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தேன். கண் குழிக்குள் போய்விட்டது. அலமாரியில் இருந்தவை அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில்கள் மட்டுமே. சிஸ்டர் அண்ணியைப் பார்த்துத் தயங்கினார்.

"நான் செஞ்சதையே போடுங்க" என்றார் அண்ணி.

சொட்டுச் சொட்டாக இறங்கியது. அண்ணன் நெற்றியில் வைத்த கையை அண்ணி எடுக்கவேயில்லை. அவருக்கு நடுக்கம் வரவில்லை. மதியம் அண்ணன் கண் திறந்து, தலைமாட்டில் தொங்கிய பாட்டிலைப் பார்த்தார்.

"யாரு செஞ்சதுடா இது?"

அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வார்டு முழுக்கக் கேட்கும்படி நான் கத்தினேன்:

"எங்க அண்ணி செஞ்சதுண்ணா!"