தோலுறை போட்ட ஃபோர் வீல்

என் கணவர் அந்த ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்த அன்று அது எங்கள் சந்துக்குள் நுழையவில்லை. தாராவியில் வண்டி வாங்குகிறவர்கள் சந்தை அளந்துவிட்டு வாங்குவார்கள். இவர் வாங்கிவிட்டு அளந்தார். அதனால் வண்டி மெயின் ரோட்டில், ஒரு பழைய இரும்புக் கடைக்கு முன்னால் நின்றது. கடைக்காரர் அடிக்கடி வந்து எடுக்கச் சொல்வார். சொன்னதும் எடுக்கிற வண்டியா அது? சாவியைத் திருப்பி, மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்து, மறுபடி திருப்பினால் கரும்புகை ஒன்று விட்டுவிட்டு அணைந்துவிடும். அதற்குள் கடைக்காரருக்கு வேறு வேலை வந்துவிடும்.

பழைய டீசல் வண்டி. ஃபோர் வீல். அதாவது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மலை, மணல், சேறு எதிலும் ஏறும் என்று இவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். தாராவியில் மலையும் இல்லை, மணலும் இல்லை. சேறு உண்டு, ஆனால் அது இருக்கிற இடத்துக்கு வண்டி போகாது. வருஷக்கணக்கில் அந்த வண்டி போன அதிகபட்ச தூரம் மான்குர்த்தில் இருக்கும் என் தங்கை வீடு. போகும்போது அது எங்களைக் கொண்டுபோனது. வரும்போது அதை நாங்கள் தள்ளிக்கொண்டு வந்தோம்.

மெக்கானிக் எங்கள் வீட்டு ஆள் மாதிரியே ஆகிவிட்டார். பெருநாளுக்கு பிரியாணி முதலில் அவருக்குத்தான் போகும். போன வாரம் ரேடியேட்டர், இந்த வாரம் செல்ஃப், அடுத்த வாரம் என்னவென்று வண்டிதான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு வாய் சும்மா இருக்காது. "இந்தத் தகர டப்பாவ வித்துத் தொலைங்க மச்சான்" என்று தினமும் சொல்லிவிடுவேன்.

"ஏளா, ஒரு நாள் பாரு. இதோட அரும ஒனக்கு அன்னைக்குத்தான் தெரியும்" என்பார்.

இவருக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. கையில் தோலும் ஊசியும் இருந்தால் இவருக்கு உலகத்தில் எதையும் வெறுமனே விட மனசு வராது. டிவி ரிமோட்டுக்கு உறை போட்டார். என் மிளகாய்த்தூள் டப்பாவுக்கு உறை போட்டார், அதை எடுக்கப் போனால் யாரோ பர்ஸை எடுப்பது போல இருந்தது. ஜீப் வந்த பிறகு கேட்கவா வேண்டும்? சீட்டு, ஸ்டீயரிங், கியர் எல்லாவற்றுக்கும் தோல். முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் ஒரு இரும்புக் குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து, ரோட்டோரம் உட்கார்ந்து, மெழுகு தேய்த்த நூலால் அவற்றுக்கும் அங்கேயே வைத்து உறை தைத்தார். இறுக்கமான இரட்டைத் தையல். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, வெளியே சொல்லவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் மகளுக்கு அணுசக்தி நகரில் டெக்னீஷியன் பயிற்சிக்கு நேர்காணல் வந்தது. எலக்ட்ரிகலில் டிப்ளமா முடித்திருந்தாள். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் மாதச் சம்பளம் என்ற ஒன்றை யாரும் கண்டதில்லை. அவள் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. இவர் மட்டும் சாப்பிட்டார்.

அன்றைக்கென்று பார்த்து மழை கொட்டியது. ரயில் நின்றுவிட்டது என்று பக்கத்து வீட்டிலிருந்து சொன்னார்கள். பஸ்ஸில் போகிறேன் என்று மகள் குடையை எடுத்தாள். இவர் கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு சாவியோடு நின்றார்.

"பஸ்ஸு என்னத்துக்கு? தண்ணியில போவதுக்குன்னே செஞ்ச வண்டில்லா இது!"

அன்று வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது. யா அல்லாஹ், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சயானைத் தாண்டும்வரை மூன்று பேரும் ராஜா மாதிரிதான் போனோம். கார்கள் தண்ணீரில் நின்று கிடந்தன, நாங்கள் அவற்றைத் தாண்டிப் போனோம். இவர் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு காரையும் பார்த்துக்கொண்டே ஓட்டினார். செம்பூருக்கு முன்னால் ரோட்டோரம் எதற்கோ தோண்டிப் போட்ட பள்ளம் தண்ணீருக்குள் இருந்தது. பின்சக்கரம் அதில் டபக்கென்று இறங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது.

இவர் முகத்தில் பயமே இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. "இப்பம் பாருங்க" என்று சொல்லி, வாங்கிய நாள் முதல் தொடாத ஃபோர் வீல் கம்பியை இழுத்துப் போட்டார். பின்சக்கரம் மட்டும் சுற்றியது. மறுபடி இழுத்தார். அதே கதைதான். பிறகு ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன வாப்பா?" என்றாள் மகள்.

"கீழ எறங்கி லாக்கு போடணும்" என்றார் மெல்ல. "முன்சக்கரத்துல ஒரு குமிழு இருக்கும். அதத் திருகுனாத்தான் முன்சக்கரம் இழுக்கும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

முழங்கால் தண்ணீரில் நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். பைகளில் நூல் பிசிர் வெட்டுவது என் வேலை என்பதால் நூல் வெட்டும் கத்தரி என் கைப்பையிலேயே கிடக்கும். எடுத்துக் கொடுத்தேன். மனுஷன் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவி, குமிழுக்குப் போட்ட உறையை ஒவ்வொரு தையலாகப் பிரிக்க ஆரம்பித்தார். தோலை அறுக்கவில்லை. தையலைப் பிரித்தார். பட்டறையில் தப்பாகத் தைத்த பையை எப்படிப் பிரிப்பாரோ அப்படி, தோலில் கீறல் விழாமல், நிதானமாக.

"வெட்டி எறிங்க மச்சான்!"

"நல்ல தோலுளா. மறுபடி போட்டுக்கிடலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தண்ணீரே கொதித்திருக்கும். கத்தரியைப் பிடுங்கி உறையைக் குத்திக் கிழித்தேன். ஊறிய தோல் லேசில் கிழியுமா? என் கையும் கிழிந்தது. அந்தப் பக்கம் போய் அடுத்ததையும் கிழித்தேன். இவர் நட்டு திருகும் பானாவை எடுத்துத் துருப்பிடித்த குமிழ்களோடு மல்லுக்கட்டினார். நான் திட்டிய திட்டை அந்தத் தண்ணீரில் நின்ற தமிழ் தெரியாதவர்கள்கூடப் புரிந்துகொண்டிருப்பார்கள். இரண்டாவது குமிழும் திரும்பியது. நிமிர்ந்து பார்த்தேன். பின்சீட்டுக் காலியாக இருந்தது.

மகள் இறங்கிப் போயிருந்தாள். சொல்லிவிட்டுத்தான் போயிருப்பாள், என் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது.

மழை நேரத்தில் ரோட்டில் எங்கே சாக்கடை மூடியைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? தண்ணீருக்குமேல் எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருக்கும். நேர்காணலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பிள்ளையைக் காட்டிக் கொடு ரப்பே என்று வாய்விட்டுச் சொன்னேன். ஏறி உட்கார்ந்தோம். இவர் கம்பியை இழுத்தார். வண்டி ஒரு தரம் உறுமி, நாலு சக்கரத்தையும் ஊன்றி, பள்ளத்திலிருந்து எழுந்து வந்தது. எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது.

கொஞ்ச தூரத்தில் அவளைப் பார்த்தேன். தண்ணீரைக் கடப்பதற்காக முன்பின் தெரியாத ஆட்கள் கைகோத்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒருவர் கம்பால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்துப் போனார். நடுவில் எங்கள் மகள். ஃபைலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். ஒரு கையை ஒரு கிழவர் பிடித்திருந்தார், இன்னொரு கையை மீன்கூடை வைத்திருந்த ஒரு அம்மா பிடித்திருந்தாள்.

இவர் வேகமாக விட்டார். வண்டி கிளப்பிய அலை போய் அந்த வரிசையில் அடித்தது. கிழவர் தடுமாறினார். "ஏ காடிவாலா, ருக்! ருக்!" என்று எல்லோரும் கத்தினார்கள். அவர்களோடு சேர்ந்து எங்கள் மகளும், பதற்றத்தில் தமிழிலேயே, திரும்பாமலே கத்தினாள்.

"வண்டிய நிறுத்துங்க! அலையடிக்கி, ஆளு விழுதாவ!"

யாருடைய வண்டி என்று அவளுக்குத் தெரியாது. இவர் நிறுத்தினார். ஹாரன்கூட அடிக்கவில்லை. "கூப்பிடுங்க" என்றேன். "அவ கைய விட்டான்னா அந்தப் பெரியவரு விழுந்துருவாரு" என்றார். வரிசை மெதுவாகப் போய் மேட்டில் ஏறியது. அங்கே நின்ற பஸ்ஸில் அவள் ஏறுவதைப் பார்த்தோம். பஸ் போயிற்று.

மேட்டில் ஓரமாக வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். கிழிந்த என் கையில் இவர் தன் கைக்குட்டையைக் கட்டிவிட்டார். வெகுநேரம் கழித்துப் போன் வந்தது. "உம்மா, உள்ள விட்டுட்டாவ. இங்க பாதிப் பேரு வரவேயில்ல. வாப்பாட்ட டென்ஷன் ஆவாண்டாம்னு சொல்லுங்க." அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. அப்போது அது எங்களுக்குத் தெரியாது, ஆனாலும் நான் அழுதுவிட்டேன்.

இவர் அழவில்லை. கல்யாணச் சட்டையெல்லாம் சேறாக, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா" என்றார். "நம்ம வண்டி அந்தப் பள்ளத்துலேர்ந்து ஏறி வந்துச்சுல்லா. அத அவ பாத்தாளா?"

அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"பாத்தா" என்றேன். "நல்லாப் பாத்தா. நீங்க வண்டிய எடுங்க."