மேவிஸ் ஆட்கின் திரும்பி நடந்த அரை மைல்

மேவிஸ் ஆட்கினுக்கு ஐம்பத்தொன்பது வயது. எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருடங்களாக உருளைக்கிழங்கு மசிக்கிறார். இடது முழங்கால் போன குளிர்காலத்தில் மாற்றியது. "நாயைக் கூட்டிட்டுப் போறது, வர்றது, அதோட நிறுத்திக்கோங்க" என்றாராம் மருத்துவர். மேவிஸிடம் நாயே கிடையாது.

எங்கள் நடைக் கழகம் ஒவ்வொரு ஜூனிலும் ஒரு பெரிய நடை வைக்கும். மூன்று பள்ளத்தாக்குகள், இருபத்தாறு மைல், பத்து மணி நேரம். வழியில் ஐந்து சாவடிகள். ஒவ்வொன்றிலும் கழுத்தில் தொங்கும் அட்டையில் ஓட்டை போடுவார்கள். சாவடி மூடும் நேரம் தாண்டினால் அட்டையின் மூலையை வெட்டிவிடுவார்கள். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. மேவிஸ் ஏற்கெனவே இரண்டு தடவை வெட்டுப்பட்டவர்.

இந்த முறை முடித்தே ஆகவேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. கழகத்தின் புதன்கிழமை நடையைக் கூட்டிச் செல்லும் தகுதி, பெரிய நடையை முடித்தவர்களுக்கு மட்டும்தான். மேவிஸ் வசிக்கும் கவுன்சில் வாடகைக் குடியிருப்பில் பதினோரு பெண்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து அந்த மலைகளை ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்கள். ஒரு தடவைகூட ஏறியதில்லை. கழகத்துக்காரர்களின் விலையுயர்ந்த பூட்ஸையும் பேச்சையும் கண்டாலே அவர்களுக்குக் கூச்சம். "நீ முன்னால போனா வர்றோம், மேவிஸ். வேற யார் பின்னாலயும் வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று நான் மஞ்சள் சட்டைக்காரன். கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து, யாரும் மலையில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கடைசி ஆள் மேவிஸ்தான்.

"உங்க வீட்டுலயே முதல் பட்டதாரி," என்றார், இரண்டாவது சாவடி தாண்டியதும். "மூணு வருஷம் படிச்சு, இப்ப ஒரு கிழவிக்குப் பின்னால நடக்கிறே. உங்க அம்மாவுக்குத் தெரியுமா கண்ணு?"

"தெரியும். பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க."

"பட்டத்தையா, கிழவியையா?"

மூன்றாவது சாவடியைத் தாண்டியபோது கையில் இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. நான்காவது சாவடி இரண்டே முக்காலுக்கு மூடும். மே மாதம் முழுக்க மழை இல்லை. புல் வெளுத்துப்போய், பாதை பாறாங்கல்லாக இருந்தது. மேவிஸின் நடையில் ஒரு சின்ன இழுப்பு வந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. மேடேறும் இடத்தில், புதினா மிட்டாய்க்காகச் சட்டைப் பையில் கைவிட்டார். கையோடு வந்தது ஒரு நீலக் கயிறு. வைக்கோல் கட்டும் நைலான் கயிறு.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்தக் கேட்," என்றார்.

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அரை மைல் பின்னால், கல்சுவரில் ஒரு கேட் திறந்து கிடந்தது. மேவிஸ் கடந்து வந்து, திரும்பிப் பார்க்காமலே அதைச் சாத்திக் கொக்கியும் போட்டிருந்தார். கடந்த கேட்டைச் சாத்திவிட்டுப் போவது மலை நடப்பவர்களின் கைக்கு மூச்சு விடுவது மாதிரி. ஆனால் அது தானாகத் திறந்து கிடந்த கேட் அல்ல. விவசாயி கயிறு போட்டுச் சுவரோடு கட்டித் திறந்து வைத்திருந்த கேட். மேல் வயலில் ஆடும் குட்டியுமாக அறுபது இருக்கும். தண்ணீர்த் தொட்டி கீழ் வயலில்.

"கட்டை அவிழ்த்து, பையிலயும் போட்டு, சாத்தியிருக்கேன்," என்றார் மேவிஸ். "மூளை எங்க போச்சு? கடிகாரத்துலயே இருந்திருக்கு."

போனில் சிக்னல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் பண்ணை வீடும் இல்லை.

"நான் ஓடிப் போய்த் திறந்துட்டு வந்துடறேன். நீங்க நடங்க."

"என்னை விட்டு நகரக் கூடாதுன்னுதானே அந்தச் சட்டையை மாட்டி விட்டிருக்காங்க? நான் எங்கயாவது விழுந்து கிடந்தா உன் பட்டமா வந்து தூக்கும்?" அவர் அதற்குள் திரும்பியிருந்தார். "அவிழ்த்தது என் கை. வா."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆடுகள் கேட்டின் கம்பிகளில் முகம் வைத்து நின்றன. குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. கொக்கியை எடுத்ததும் எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு தொட்டியை நோக்கி ஓடின. மேவிஸ் கேட்டைச் சுவரோடு சேர்த்து, கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். "போங்கடி போங்க, மன்னிச்சிடுங்க" என்று ஆடுகளிடம் சொன்னார்.  அடுத்த இரண்டு மைலும் நடையைக் கூட்டினார்.

நான்காவது சாவடியில் ஹெட்லி கிரிம்ஷா. முப்பது வருடம் தபால் அலுவலகத்தில் இருந்தவர். மேசையில் கடிகாரம், கத்தரிக்கோல், அரிசிப் பாயசம், டின் பீச் பழம்.

"ரெண்டு ஐம்பத்திரண்டு," என்றார்.

"ரிட்டயர் ஆகியும் தபால் பை கட்டற நேரத்தையே பார்த்துட்டு இருக்கீங்களே, ஹெட்லி."

நான் ஆடுகளைப் பற்றிச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"திரும்பிப் போனது சரி. போகலைன்னா நான் உங்க மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்," என்றார். "ஆனா நேரம் நேரம்தான், மேவிஸ். போன வருஷம் இரக்கப்பட்டு ஒருத்தரை அனுப்பினோம். கணுக்கால் உடைஞ்சு இருட்டுற வரைக்கும் மேல கிடந்தார்."

மேவிஸ் அட்டையைக் கழற்றி அவரே நீட்டினார். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. ஹெட்லி ஒரு கிண்ணம் நிறையப் பாயசம் ஊற்றி, மேலே இரண்டு பீச் துண்டு வைத்துக் கொடுத்தார். மேவிஸ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மூலை போன அந்த அட்டையைப் பார்த்தபடி மெதுவாகச் சாப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. பாயசத்தில் சர்க்கரை போதவில்லை என்றும் சொன்னார்.

"கார் வரும். ஊருக்குக் கொண்டுபோய் விடும்," என்றார் ஹெட்லி.

"இனிமே நான் உங்க நடையில இல்லை, அப்படித்தானே?"

"இல்லை."

"அப்ப நான் சும்மா ஒரு பொம்பளை. இது பொதுப்பாதை. என் பாட்டுக்கு நடக்கலாம்." எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு, தனக்கே சொல்வதுபோல, "யார் வேணும்னாலும் நடக்கலாம்" என்றார்.

ஹெட்லி அவருடைய முழங்காலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உன் வேலை முடிஞ்சது. ஆனா அந்தச் சட்டையைக் கழற்றாதே," என்றார்.

மீதி ஏழு மைல். சாயும் வெயிலில் மேட்டின் உச்சிக்கு ஏறியதும் மேவிஸின் போனுக்கு உயிர் வந்தது. ஒரு பாறைமேல் உட்கார்ந்து, அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியை அழைத்தார்.

"க்வென்? ஆமா. இல்ல, இந்தத் தடவையும் வெட்டிட்டாங்க. அழாதேடி, அழ வேண்டியது நான். கேளு. கழகத்தோட போகத்தான் தகுதி, அது இதுன்னு வேணும். மலைக்குப் போக வேணாமே! இத்தனை நாளா இது எனக்கு உறைக்கவே இல்ல பாரு. புதன்கிழமை ஒன்பதரைக்கு பஸ் ஸ்டாப்புல நில்லுங்க எல்லாரும். ஆறு மைல்தான். பூட்ஸ் எதுக்கு? வேலைக்குப் போட்டுட்டுப் போற ஷூ போதும்."

மறுமுனையில் க்வென் ஏதோ கேட்டாள்.

"மழை பெஞ்சா நனைவோம்," என்றார் மேவிஸ். என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.