ஆலங்குடாவில் என் கருவாட்டுத் தட்டு

ஒரு ஆளின் மேலுள்ள வயிற்றெரிச்சலுக்காக நூற்றைம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போகலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகப் போகலாம். நான் போய் வந்தேன். சண்டை முடிந்து எட்டு வருடம் ஆகியிருந்த ஒரு பங்குனி மாதச் சனிக்கிழமை அது. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் டொல்பின் பார்க்கவோ, பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கவோதான் கல்பிட்டிப் பக்கம் போவீர்கள். நான் போனது கருவாடு காயவைக்கிற தட்டு ஒன்றைப் பார்க்க.

காரணம் ஒரு பத்திரிகைப் படம். கம்பஸில் என்னோடு வடிவமைப்புப் படித்த ஆலங்குடாக்காரி ஸ்டெலா, கழுத்தில் மாலையோடு நிற்கிறாள். பக்கத்தில் யாரோ ஒரு பெரிய மனிதர். இருவருக்கும் நடுவில் மூன்று அடுக்குத் தட்டு, மடக்கி எடுத்துக்கொண்டு போகக்கூடியது. மீனவப் பெண்களுக்குப் புதிய கண்டுபிடிப்பு என்று கீழே போட்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தட்டைக் கடைசி வருடத்தில் முதலில் வரைந்தவன் நான். அலுமாரியைக் கவிழ்த்துத் தேடி அந்தக் கொப்பியை எடுத்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் என் படம், என் கையெழுத்து, திகதி எல்லாம் இருந்தன.

நான் என்ன வேலை செய்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் எரிச்சல் விளங்கும். கொழும்பில் ஒரு பிளாஸ்டிக் கம்பனியில் ஷாம்பு போத்தலுக்கு மூடி வரைகிறேன். ஏழு வருடமாக மூடிதான். ஒரு மூடியிலும் என் பெயர் கிடையாது, யாரும் எனக்கு மாலை போட்டதும் கிடையாது. கொப்பியைப் பைக்குள் வைத்தேன். அவள் முன்னால் அந்தப் பக்கத்தை விரித்து வைத்து, இது யாருடையது என்று கேட்பது, தட்டில் என் பெயரைப் போட வைப்பது. அதுதான் திட்டம். தொலைபேசியில் மட்டும், அந்தப் பக்கம் வருகிறேன், பார்க்கலாமா என்று மிகவும் நல்ல பிள்ளையாகக் கேட்டேன்.

புறக்கோட்டையிலிருந்து காலை ஐந்தரைக்குக் கல்பிட்டி பஸ். சாதாரண பஸ்ஸில் நான் கொடுத்தது இருநூற்றுப் பத்து ரூபாய். குளிரூட்டிய பஸ் ஆறே முக்காலுக்கு, கிட்டத்தட்ட இரு மடங்கு காசு. டிரைவர் பக்கத்து யன்னலைப் பிடியுங்கள். சிலாபம் வரை முகத்தில் வெயில் அடிக்கும், பரவாயில்லை, பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பியதும் களப்பும் உப்பளமும் அந்தப் பக்கம்தான் தெரியும். சிலாபத்தில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். இரண்டு வடையும் ஒரு பிளேன்டீயும் எழுபது ரூபாய். வடை நேற்றையது.

நுரைச்சோலை தாண்டி, ஆலங்குடாச் சந்தியில் பத்தேகாலுக்கு இறங்கினேன். கடற்கரைக்கு மூன்று கிலோமீட்டர், ஓட்டோவுக்கு இருநூறு ரூபாய். ஓட்டோக்கார நானாவுக்கு, முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவது, ஐம்பது வயதிருக்கும். இடத்தைச் சொல்ல நான் வாயைத் திறக்க முதலே அவர் முந்திக்கொண்டார்.

"வெள்ளக்காரர்ட ஹோட்டலுக்கா தம்பி?"

"இல்ல நானா. ஸ்டெலா எண்டு ஒரு ஆள்..."

"கருவாட்டுத் தட்டு செய்யிற ஸ்டெலா மிஸ்ஸா? அத மொதல்லயே செல்லுங்களே. எங்கட தாத்தாவும் ரெண்டு வாங்கி வெச்சிரிக்கா. காகம் தொல்ல இல்ல, மண் ஒட்டுற இல்ல. மூள வேணும் தம்பி, அப்பிடி ஒண்டு செய்ய."

தாத்தா என்று அவர் சொன்னது அவருடைய அக்காவை. வழி நெடுக அந்த மூளையைப் பற்றியே கதைத்தார். அந்த மூளை என்னுடையது என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. காற்றாலைகளை எண்ணத் தொடங்கினேன்.

கிடுகு வேலிக்குள் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே இரண்டு பெண்கள் பிவிசி குழாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெலா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கறுத்துப் போயிருந்தாள். நன்றாகவும் இருந்தாள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"வா குமரன். பஸ்ஸில நிண்டே வந்தாய்?"

"இல்ல, சீற் கிடைச்சது. நீர் எப்பிடி இருக்கிறீர்?"

முதலில் அவள் என் கையில் தந்தது தட்டின் மூலைத் துண்டை. உள்ளங்கைக்குள் அடங்குகிற நீலப் பிளாஸ்டிக். தட்டில் தொழிற்சாலையில் அச்சு வெட்டி வார்ப்பது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கிற குழாய், வலை, கயிறு. பிளாஸ்டிக் என் தொழில் இல்லையா, ஐந்து நிமிடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுவர் மெலிந்த இடம் இருக்கிறதா, கூரான விளிம்பு இருக்கிறதா, எங்கேயாவது வெடிக்குமா என்று. ஒரு பிழையாவது கண்டுபிடித்திருந்தால் அன்று மத்தியானம் இன்னும் ஒரு பிடி சோறு கூடச் சாப்பிட்டிருப்பேன். இல்லை.

மடக்குகிற இடத்தில் பிணைச்சல் இல்லை. வலை பின்னுகிற நைலோன் நூலால் கட்டியிருந்தது. இது என்ன, காசு மிச்சம் பிடித்தீரா என்று கேட்டேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன்.

"ஆணி, பிணைச்சல் எல்லாத்தையும் உப்புத் திண்டுடும். இங்க வலை ஊசியும் நூலும் இல்லாத வீடு இல்ல. அறுந்தா அவங்களே கட்டுவாங்க. சித்திரைக்குப் பிறகு இந்தக் கடல் கெட்டுப் போயிடும். வாடியப் பிடுங்கி லொறியில ஏத்திக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போயிடுவாங்க. அங்க போய் என்னைத் தேட ஏலுமா?"

வாடி என்றால் மீன் பிடிக்கிறவர்கள் கரையில் போடுகிற ஓலைக் குடில். வருடத்துக்கு இரண்டு தரம் அது இடம் மாறும். என் படத்தில் தட்டுக்கு நான்கு இரும்புக் கால்கள், ஒவ்வொன்றையும் சீமெந்தில் இறுக்கச் சொல்லி அம்புக்குறி போட்டிருந்தேன். பையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன்.

கொட்டகையின் பின்னால் வேலியோரமாக அவள் செய்து பார்த்த மாதிரிகள் நின்றன. பதினொன்று. வெள்ளைப் பெயின்றால் இலக்கம் போட்டிருந்தது. ஒன்றாம் இலக்கத்தில் கோழிகள் ஏறி இருந்தன.

"இது உன்ர" என்றாள் ஸ்டெலா.

எனக்கு விளங்கவில்லை.

"நீ கொப்பியில கீறினதுதான். நீ தந்த போட்டோகொப்பிய வச்சு, ஒரு அளவும் மாத்தாம இரும்பில செய்தன். பெண்டுகள் குனியத் தேவையில்ல எண்டு இடுப்பு உயரம் போட்டிருந்தாய். ஆனா இங்க எல்லாரும் பலகையில குந்திக்கொண்டுதான் மீன் பிரட்டுறது. அந்த உயரத்தில காத்து கீழால புகுந்து, மேல் தட்டுகள ரெண்டு தரம் தூக்கி எறிஞ்சிட்டுது. ஒன்பது நாள்தான் நிண்டது, பிறகு உடைஞ்சிட்டுது. கோழிகளுக்கு மட்டும் நல்லாப் பிடிச்சிருக்கு."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், மேலே வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கடைசி வருடத்தில் விரிவுரையாளர், உங்கள் ஊரில் உள்ள ஒரு சிக்கலைக் கொண்டுவாருங்கள் என்றார். கொழும்பு வெள்ளவத்தைக்காரனான எனக்கு ஊரில் ஒரு சிக்கலும் தோன்றவில்லை. மணலில் காயவைக்கிற மீனில் மண் ஒட்டுகிறது, மழை வந்தால் ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியிருக்கிறது என்று ஸ்டெலா சொன்னாள். நான் அதை எடுத்துப் படமாகக் கீறினேன். அதுவரை கருவாட்டை நான் கடையில்தான் பார்த்திருந்தேன். படம் என்னுடையது, அதில் மாற்றமில்லை. சிக்கல் அவளுடையது.

"உடைஞ்ச அண்டைக்கு உனக்குப் படம் எடுத்து அனுப்பினன். ஒருக்கா வந்து பார் எண்டு கேட்டன். 'பார்ப்பம்' எண்டு பதில் போட்டாய்."

அப்படியொன்றும் எனக்கு வரவில்லையே என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பழைய மெசேஜ்களைத் தோண்டிப் பார்த்தேன். வந்திருந்தது. மூன்று வருடத்துக்கு முன். பார்ப்பம் என்றும் போட்டிருந்தேன்.

நான்காம் மாதிரியின் கதையை எழுதாமல் விட மனமில்லை. அதில் ஐந்து செய்து ஐந்து வாடிகளுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறாள். ஒரு மாதம் பாவித்துவிட்டுக் குறை சொல்லுங்கள் என்று. ஒரு மாதம் கழித்துப் போனால் எல்லாரும் ஒரே குரலில், நல்லா இருக்கு மகள், ஒரு குறையும் இல்லை. சந்தோஷத்தில் அச்சு வெட்டக் கொடுக்கப் போயிருக்கிறாள். போகிற வழியில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க நுழைந்தால், அவளுடைய தட்டு முன்னறையில் நிற்கிறது. மேலே சரிகைத் துணி. துணிக்கு மேல் அந்தோனியார் சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுதிரி.

"ஏன் அன்ரி மீன் போடேல்ல எண்டு கேட்டன். 'புதுச் சாமான் மகள், உன்ர கையால செய்தது, அதில போய் மீனப் போட மனம் வருமா' எண்டு கேக்கிறா. மற்ற வீட்டுகளிலயும் போய்ப் பார்த்தன். ஒருத்தர் உறையோட அலுமாரிக்குப் பின்னால வச்சிருக்கிறார், நான் திருப்பிக் கேட்டா பழுதில்லாமக் குடுக்க. ஐந்தில ஒண்டிலயும் ஒரு நெத்தலி காயேல்ல."

அதற்குப் பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். ஒவ்வொரு மாதிரியையும் கொடுக்க முதல் மீன் குடலைத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் போட்டு, நாறவைத்துக் கொடுத்தாள். இது கழிக்கிற சாமான், உடைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிக் கொடுத்தாள். அப்போதுதான் உண்மையாகப் பாவித்தார்கள், உண்மையாக ஏசினார்கள். அச்சு வெட்டிய பிறகு திருத்த ஏலாது என்பதால் ஏச்செல்லாம் தீரும்வரை பதினொரு தரம் குழாய் வெட்டினாளாம். இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வந்த பொறாமை பத்திரிகைப் படத்தைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரியது. மாலையை யாரும் வாங்கலாம். மீன் குடலைத் தேய்க்கிற யோசனை ஏழு வருடம் மூடி வரைந்தாலும் எனக்கு வந்திராது.

மத்தியானம் சோறு, சொதி, பொரித்த பாரைக் கருவாடு. சாப்பிட்டு முடித்துத் தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் பையைத் திறந்தபோது கொப்பி வெளியே சரிந்தது.

"இந்தக் கொப்பியா" என்றாள் அவள். முகம் மலர்ந்துவிட்டது. "ஞாபகமாக் கொண்டு வந்தியே. என்ர போட்டோகொப்பியக் கறையான் திண்டுட்டுது. நானே கேக்க இருந்தன்."

நான் விளக்கம் கேட்கக் கொண்டுபோனதை அவள் அன்பளிப்பாக எடுத்துக்கொண்டாள். நாற்பத்தோராம் பக்கத்தை அவளே திறந்தாள். மேல் தட்டுக்குப் பக்கத்தில் நான் கீறியிருந்த ஒரு சரிந்த கோட்டில் விரலை வைத்தாள்.

"இந்தச் சரிவு இருக்கே, உன்ர படத்தில மிஞ்சினது இது ஒண்டுதான். மட்டமா வச்சா உப்புத் தண்ணி தேங்கிப் புழுப் பிடிக்குது. கூடச் சரிச்சா நெத்தலி காத்துக்கு வழுக்குது. தட்டோட ஒரு தாள் குடுக்கிறன், தமிழிலயும் சிங்களத்திலயும். எப்பிடி விரிக்கிறது, எப்பிடிக் கட்டுறது எண்டு. அடுத்த தரம் அச்சடிக்கேக்க சரிவு உன்ர யோசனை எண்டு பேர் போடப் போறன்."

கேட்க வந்தது கேட்காமலே கிடைத்தது. ஓம் என்றேன். கொப்பியை வைத்துவிட்டுப் போகிறாயா என்று கேட்டாள். இல்லை, படம் எடுத்துக்கொள்ளும் என்றேன். ஏன் கொடுக்கவில்லை என்று எனக்கே சரியாகத் தெரியாது. சின்னத்தனம்தான், வேறென்ன.

மூன்றரைக்குச் சந்தியில் கொழும்பு பஸ். போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்: அதைத் தவறவிட்டால் பாலாவிக்குப் போய் மாற வேண்டும், ஒரு மணித்தியாலம் வீணாகும். கடற்கரையில் நிழல் கிடையாது, தொப்பி கொண்டுபோங்கள். சித்திரை தாண்டினால் கடல் கலங்கத் தொடங்கிவிடும், வாடிகளும் வெறுமையாகிவிடும். கருவாட்டைக் கடையில் வாங்காமல் வாடியில் வாங்குங்கள், நீலமூலைத் தட்டில் காய்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள், மண் கடிபடாது. வரும் வழியில் நேரம் இருந்தால் சிலாபத்தில் இறங்கி முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போகலாம். நான் இறங்கவில்லை, சாமியிடம் சொல்லக்கூடிய மனநிலையில் இருக்கவில்லை.

திங்கட்கிழமை ஸ்டெலாவிடமிருந்து மெசேஜ் வந்தது. "தாள் அச்சுக்குப் போகுது. நீ சரிவு எவ்வளவு எண்டு போட்டிருந்தாய்? எடுத்த படத்தில தெளிவில்ல. நான் ஏழாவதிலதான் கண்டுபிடிச்சன், ஒண்டரை விரல். உன்ர கணக்கும் அதுதானே?"

கொப்பியை எடுத்து மின்குமிழுக்குக் கீழே பிடித்தேன். கோடு இருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு சொல். "சரிவு?" அவ்வளவுதான். கேள்விக்குறியோடு. அளவு இல்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், அடுத்த பக்கம் வெறுமை.

ஓம், ஒன்றரை விரல்தான் என்று எழுதினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கொப்பி என்னிடம்தான் இருந்தது. இரண்டு நாள் பதில் போடாமல் இருந்தேன். வேலையில் ஒரு மூடிக்கு மூன்று தரம் பிழையான அளவு போட்டேன். புதன் பின்னேரம், "அளவு போடவில்லை. ஒன்றரை விரல் நீர் கண்டுபிடித்தது. என் பெயர் வேண்டாம்" என்று எழுதி அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "வேண்டாமெண்டா விடு. பன்னிரண்டாவதுக்கு ஒரு கேள்வி இருக்கு, மழைக்கு மூடுறதுக்கு ஒண்டு வேணும். நீதானே மூடி கீறுறனி. வாறியா?"

எரிச்சல் இன்னும் போகவில்லை. பார்ப்பம் என்று எழுதினேன், அழித்தேன். ஐந்தரை பஸ்ஸில் வருகிறேன் என்று போட்டேன்.