பலகைக்குள் இருந்த இரும்பு

கண்ணுகளா, சாமிகளா, மில்லில் என் ரம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை சாத்தியிருக்கிறதே, அதை ஏன் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். வாயால் சொன்னால் பாதியிலேயே எழுந்து ஓடிவிடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் அறுக்கும் மரம் பெரும்பாலும் நாமக்கல் பட்டறைகளுக்கு, லாரி பாடி கட்டப் போகிறது. அதில் கப்பலில் வந்து இறங்குகிற மரமும் உண்டு. எந்த நாட்டுக் காட்டில் வெட்டியது என்று நாங்கள் கேட்பதில்லை. அப்படி வந்த ஒரு மரத்தை ஒரு நாள் காலையில் அறுத்துக்கொண்டிருந்தேன். படாரென்று பிளேடு அறுந்து தெறித்தது. ஓனர் ஓடி வந்தார்.

“ஏப்பா, ஆணி இருக்கறதப் பார்க்காமயா உட்டே?”

“ஆணி மரத்தோட நடுவயித்துக்கு எப்படீங்க போவும்?”

அப்போது ஒரு அக்கா மரத்தூள் வாங்க வந்திருந்தார். பக்கத்தில் உள்ள இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர். கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். கட்டைவிரல் அளவு கருத்த இரும்பு, ஓரமெல்லாம் பிய்ந்து கிடந்தது.

“இது ஆணியில்லை அண்ணை. ஷெல் துண்டு.”

“அக்கா இரும்புக்கடையும் வெச்சிருந்தீங்களாட்ட இருக்குது” என்றார் ஓனர்.

“எங்கட வீட்டு முத்தத்தில இதைக் கூட்டி அள்ளினனான்” என்று அக்கா சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. “தலையில்லாத பனை பார்த்திருக்கிறியளோ? எங்கட வீட்டு வளவில பாதிப் பனையை, ஷெல்லுக்குப் பதுங்கிற பங்கருக்கு வெட்டினவை. மிச்சம் ஷெல் பட்டு மொட்டையாப் போச்சு. பனை போன பிறகு காத்துக்கு மண் பறந்து கிணறும் தூர்ந்து போச்சு.”

அந்த மரம் இரும்பைத் துப்பவில்லை. அதைச் சுற்றியே வளர்ந்திருந்தது. மரத்தின் வளையங்கள் அந்த இடத்தில் மட்டும் ஒதுங்கி வளைந்து போயிருந்தன. புது பிளேடு மாட்டி அந்தப் பாகத்தைத் தனியாக ஒரு பலகையாக எடுத்தேன்.

“அந்தப் பலகையைத் தருவியளோ?” என்று அக்கா கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு முன்னால் போர் வேண்டாம் என்று ஒரு கூட்டம் இருந்தது. அங்கே வைக்க வேண்டுமாம்.

ஓனருக்குப் பக்கென்றது. “நீங்க போலாமுங்களா? முகாம்ல கேக்க மாட்டாங்களா?”

அவர் பயப்பட்டதில் தப்பில்லை. முகாமில் இருப்பவர்கள் வெளியே வேலைக்குப் போகவே அனுமதி வாங்க வேண்டும். போராட்டத்தில் பெயர் அடிபட்டால் அது நின்றுவிடும் என்று அங்கே எல்லோருக்கும் பயம். அக்கா தையல் வேலைக்குப் போய்த்தான் மகளைப் படிக்க வைக்கிறார்.

“செத்த சனத்துக்காகக் கதைக்க ஆக்கள் இருக்கினம். மரத்துக்கும் கிணத்துக்கும் ஆர் கதைக்கிறது?” என்றார்.

பலகையை நான்தான் வண்டியில் கட்டிக் கொண்டுபோனேன். மைக்கில் பேசியவர்களை யாரும் நின்று கேட்கவில்லை, எல்லோருக்கும் பஸ் அவசரம். அக்கா ஒரு ஸ்டூலில் பலகையை வைத்துவிட்டுச் சும்மா நின்றார். பார்த்தவர்கள் நின்றார்கள், தொட்டார்கள். சேந்தமங்கலம் பஸ் கண்டக்டர் ஒருவர், “நம்ம பஸ்ஸாட்டவே, ஏறுனது எறங்கவே இல்லீங்களே” என்றார். கூட்டம் சிரித்தது.

“சண்டைக்குள்ள அகப்பட்ட மரம். அதால ஓட ஏலாதுதானே” என்றார் அக்கா. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார்.

அப்போதுதான் போலீஸ்காரர் வந்தார். “எந்த ஊரும்மா?”

பேசினால் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும். தலையாட்டித் தப்பித்திருக்கலாம். அக்கா நிமிர்ந்து, “முகாம், ஐயா” என்றார்.

நான் குறுக்கே போய் நின்றேன். “பலகை என்னுதுங்க. நாந்தானுங்க கொண்டாந்து வெச்சேன்.”

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். பலகையைத் தடவினார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். “சிராய் ஏறுதுப்பா. அறுக்கறவன் இதப் பார்க்க மாட்டியா?” விரலை வாயில் வைத்துக்கொண்டு இரும்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “பலகை உன்னுதுன்னா உம் பேரச் சொல்லு” என்று கேட்டு எழுதிக்கொண்டார். அக்காவின் பெயரைக் கேட்கவே இல்லை. “நேரமே ஊடு போய்ச் சேருங்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதாவது அக்கா கிளம்புவார் என்று நினைத்தேன். “இன்னும் கொஞ்சப் பேர் பார்க்கட்டும் அண்ணை” என்று கூட்டம் முடியும்வரை நின்றார். அவ்வளவு தைரியத்தை நான் அதுவரை பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

அவரை முகாம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பலகையோடு மில்லுக்கு வந்தேன். அன்று லீவு, ஒருவரும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கும் வேண்டும் என்று சொல்லியிருந்தார். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தொடுகிற எந்தக் கையிலும் சிராய் ஏறாதபடி பலகை முழுக்கத் தேய்த்தேன். இரும்பைச் சுற்றி வந்தபோது மட்டும் தாளைக் கீழே வைத்துவிட்டு, விரலாலேயே தூசியைத் துடைத்துவிட்டேன்.